தங்கை ஓட்டினால் நிற்கும் வண்டி

அந்தச் சாம்பல் நிற வண்டி தங்கை ஓட்டினால் நின்றுவிடும். அண்ணன் ஓட்டினால் நிற்காது. அதே சாவி, அதே பெட்ரோல், அதே சாலை. நிற்பதும் கண்ட இடத்தில் நிற்காது. மருத்துவமனைக்கு ஏறும் மேட்டுச் சாலையின் உச்சியில் ஒரு சிக்னல் இருக்கிறது. அங்கே சிவப்பு விழுந்து வேகத்தைக் குறைத்தால், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்துக்குக் கீழே சரியும், எஞ்சின் ஒருமுறை விக்கும், அணைந்துபோகும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

இருபத்திரண்டு வருடமாக எஞ்சின்களோடு மல்லுக்கட்டும் அண்ணனுக்கு இது பிடிபடவே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார். அது குறை எதுவும் இல்லையென்று கையை விரித்தது. அதே மேட்டில் தானே பன்னிரண்டு முறை ஏறினார், பன்னிரண்டு முறையும் வண்டி சமர்த்தாக நின்று சமர்த்தாகக் கிளம்பியது. கடைசியில் ஒரே ஒரு விடைதான் மிச்சமிருந்தது. சுலபமான விடை என்பதால் அதை எடுத்துக்கொண்டார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல பாப்பா. ஓட்டுற கால்லதான் இருக்கு."

பாப்பாவுக்கு அப்போது வயது முப்பத்தேழு. அதைக் கேட்டபோது அவள் கழுத்தில் பட்டை கட்டியிருந்தாள். அந்த வாரம்தான் மேட்டின் உச்சியில் வண்டி அணைந்து, பின்னால் வந்த லாரி சமாளிக்க முடியாமல் இடித்திருந்தது. பெரிய காயம் இல்லை. டிக்கி நசுங்கியது, கழுத்து பதினைந்து நாள் திரும்பவில்லை. அவள் வீட்டு ஹாலில், அவள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கையில் டீ டம்ளரோடு அண்ணன் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். மறுநாள் சாவியைக் கொண்டுவந்து அவருடைய பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். கிளினிக்குக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய்க் கை காலை அசைக்கச் சொல்லிக்கொடுப்பவள். அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் அந்த மேட்டுக்கு மேலேதான் இருந்தார்கள். வண்டி இல்லாமல் அந்த வேலை நடக்காது. சாவியை வைத்த கையோடு வேலையையும் விட்டாள். அதே கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகிவிட்டன.

இப்போது கிளினிக் அவளை மறுபடி கேட்டிருந்தது. வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்குப் போகிறாளாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்வதாக அவள் தீர்மானித்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனின் இடது கால் கட்டைவிரல் கட்டுக்குள் இருந்தது. திங்களன்று கியர்பாக்ஸ் ஜாக்கிலிருந்து வழுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. கட்டை மாற்ற மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடது கால் இல்லாமல் கிளட்ச் மிதிக்க முடியாது. பட்டறையில் இருந்த வெல்டர் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தார். அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்த தங்கை மாட்டிக்கொண்டாள்.

"டாக்ஸி கூப்பிடறேன்," என்றாள்.

"வாசல்ல வண்டி நிக்குது. நீயே ஓட்டேன்."

"அந்தச் சிக்னல்ல நின்னா நீதான் இறங்கித் தள்ளணும். ஒத்தக் கால்ல."

லாரியின் அடியிலிருந்து வெல்டரின் குரல் வந்தது. "தள்ளட்டும்மா. நாலு நாளா உக்காந்த இடத்துல இருந்து எங்களை வேலை வாங்குறாரு. உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததால் சாவியை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், அதற்குமேல் அதில் துணிச்சல் எதுவும் இல்லை.

இந்த வண்டியில் அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. ஓட்டுபவனுக்குச் சாலை தெரியும். பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் ஓட்டுபவரின் கால் தெரியும். சமதரையில் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். கியர் மாற்றும்போது கடகடப்பு இல்லை, பிரேக்கில் குலுக்கல் இல்லை. அவருடைய வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேரைவிட நன்றாக ஓட்டினாள்.

மேடு வந்தது. அவள் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். டர்போ விசிறி வேகமெடுக்கும் மெல்லிய ஊளை கேட்டது. உச்சியில் சிவப்பு. அவள் ஆக்ஸிலேட்டரை விட்டாள், அதே நொடியில் கிளட்ச்சை மிதித்தாள், பிறகு பிரேக்கைத் தொட்டாள். போனட்டுக்குள்ளிருந்து உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். முள் சரிந்தது. விக்கல். அணைந்துவிட்டது.

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பாத்தியா," என்றாள், மெதுவாக. "இறங்கு. தள்ளு."

அண்ணன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டார்ட் பண்ணு. ஒரு சுத்து சுத்தி மறுபடி ஏறு."

"எதுக்கு? அசிங்கப்பட்டது போதாதா?"

"எனக்காக ஏறு பாப்பா."

நான்கு முறை ஏறினார்கள். மூன்று முறை அணைந்தது; ஒருமுறை விக்கிவிட்டுப் பிழைத்துக்கொண்டது. ஐந்தாவது முறை அண்ணன் சொன்னார்: "இப்ப நான் ஓட்டற மாதிரி ஓட்டு. ஆக்ஸிலேட்டரை விடு, ஆனா கிளட்ச்சைத் தொடாத. கியர்லயே வரட்டும். பிரேக்கை மட்டும் புடி. நிக்கப்போற கடைசி நிமிஷம் கிளட்ச்."

அவள் அப்படியே செய்தாள். வண்டி அணையவில்லை. சிக்னலில் நின்று பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கியரில் இருக்கும்வரை சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு மூச்சு முட்டினாலும் அது நிற்க முடியாது. உருளும் வண்டியின் எடை அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கிளட்ச்சை மிதித்த கணம் அந்தக் கை விடப்படுகிறது. அதன்பின் எஞ்சின் தன் சொந்த மூச்சில்தான் நிற்க வேண்டும். அண்ணன் கியரிலேயே வைத்து வேகத்தைக் குறைக்கும் பழக்கக்காரர். பட்டறைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான், பிரேக் கட்டை தேயாது என்பதற்காக. தங்கைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரரோ முதலில் கிளட்ச், பிறகு பிரேக் என்று சொல்லிச்சொல்லியே காலில் பதியவைத்திருந்தார். இரண்டும் ஓட்டும் முறைதான். பன்னிரண்டு முறை மேடேறிச் சோதித்தவர் பன்னிரண்டு முறையும் தன் காலால் குறையை மூடிக்கொண்டே சோதித்திருக்கிறார்.

"சரி," என்றாள் தங்கை. "அப்ப என் கால்தான். கிளட்ச்சை லேட்டா மிதிச்சா நிக்காது. அன்னைக்கே நீ சொன்னது சரிதான்."

குரலில் குத்தல் இல்லை. அவள் நிஜமாகவே அப்படி நம்பிவிட்டாள். 'ஆமாம்' என்று ஒரு தலையாட்டல் போதும். அவள் பழக்கத்தை மாற்றிக்கொள்வாள், வண்டி ஓடும், வேலைக்குக்கூடப் போனாலும் போவாள். போன ஒரு வருடம் ஏழு மாதத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கும்வரை அந்தத் தலையாட்டல் அண்ணனின் கழுத்திலேயே இருந்தது.

"இல்ல," என்றார். "கிளட்ச்சை எப்ப மிதிச்சாலும் வண்டி நிக்கக்கூடாது. நின்னா அது வண்டியோட தப்பு." வண்டி நகர்ந்ததும் கேட்டார்: "அந்த உஸ் சத்தத்தப் பத்தி நீ ஒருதடவ ஏதோ சொன்னியே?"

"ஒருதடவயா? மூணு தடவ சொன்னேன். நிக்கறதுக்கு முன்னாடி உஸ்ஸுங்கறது நீளமா வருது, மத்த நேரத்துல சின்னதா வருதுன்னு. நீ போனட்டுக்குள்ள பாம்பு இருக்கும், மகுடி வாங்கித் தரேன்னு சிரிச்ச. உன் மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிச்சாரு."

அண்ணனுக்கு நினைவு வந்தது. நல்ல ஜோக் என்று அப்போது தோன்றியதும் நினைவு வந்தது.

மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும்போது அவர் வலியைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த உஸ் சத்தத்தின் பிறப்பை யோசித்துக்கொண்டிருந்தார். டர்போ என்பது எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி. அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. எஞ்சினின் வாயில் ஒரு கதவு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அந்தக் கதவு படீரென்று மூடிக்கொள்ளும். ஆனால் விசிறி உடனே நிற்காது. நெருக்கியடித்து வந்துகொண்டிருக்கும் கூட்டத்தின் முகத்தில் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? கூட்டம் திரும்பி வந்து விசிறியின் மேலேயே மோதும். அதைத் தவிர்க்கத்தான் குழாயின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதுதான் புளோ-ஆஃப் வால்வு. ஒரு ஸ்ப்ரிங் அந்த ஜன்னலை மூடிப் பிடித்திருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்ற சேதியை ஒரு மெல்லிய ஹோஸ் கொண்டுவரும். கதவு சாத்தப்பட்டதும் எஞ்சின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஹோஸ் வழியாக வந்து ஜன்னலைத் தூக்கும். காற்று வெளியே பாயும். உஸ்.

சில வால்வுகளின் தலையில் ஒரு ஸ்க்ரூ உண்டு. இறுக்கினால் ஸ்ப்ரிங் விறைக்கும், ஜன்னல் சுலபத்தில் திறக்காது. தளர்த்தினால் லேசாகக் காலை எடுத்தாலே திறந்துகொள்ளும். இந்த வண்டி தயாரான இடத்திலிருந்து அப்படி ஒரு வால்வோடு வரவில்லை. பொருத்தியவர் அண்ணன். அப்போது வண்டி அவருடையது. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் வர வேண்டுமென்று ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்ததும் அவர்தான். தங்கைக்கு வேலை கிடைத்தபோது பெருமையாக வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். வால்வைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சத்தம் அவளுக்கும் பிடிக்கும் என்று நினைத்தார். அவளைக் கேட்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் அதையெல்லாம் அவளிடம் சொன்னார்.

"ஒரு சத்தத்துக்காகவா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"மேட்டுக்கு மேல ஒரு தபால்காரர் இருந்தாரு, பக்கவாதம் வந்து. கேட் வரைக்கும் நடக்க வெச்சிருந்தேன். நான் போறத நிறுத்தினதும் அவரும் நிறுத்திட்டாரு. இப்ப நாற்காலிதான்." அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "உன் மேல கோவப்பட்டு என்ன செய்ய. எனக்கும் அப்ப பதில் பேசத் தோணல. நீ மெக்கானிக். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்தத் தபால்காரரின் நாற்காலி நடுவில் வந்து நின்றது.

பட்டறையில் அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு போனட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். தங்கை இருக்கையில், கால் ஆக்ஸிலேட்டரில். வால்வின் வாயருகே நாட்குறிப்புத் தாளில் கிழித்த ஒரு மெல்லிய துண்டைப் பிடித்தார். எஞ்சின் சும்மா ஓடும்போது தாள் அசையவில்லை. ஜன்னல் மூடியிருக்கிறது. முன்பு அவர் சோதித்ததும் இத்தோடு சரி. சும்மா ஓடும்போது மூடியிருந்தால் போதுமென்று நினைத்திருந்தார்.

"இப்ப மூவாயிரம் வரைக்கும் ஏத்திட்டு, பட்டுனு காலை எடு."

அவள் எடுத்தாள். தாள் ஒருமுறை வெளிப்பக்கம் துள்ளி, உடனே வால்வின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. முள் தள்ளாடி இறங்கும்வரை விழவில்லை.

வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பேப்பர சாப்பிடுது?"

"வேகத்துல இருந்து கால எடுக்கறப்ப, சும்மா ஓடறப்ப இருக்கறதவிட ஜாஸ்தியா உறிஞ்சும். ஸ்ப்ரிங் லூஸா இருக்கறதால அது ஜன்னலை மூடவே விடல. திறந்தே கெடக்கு."

"கெடந்தா என்ன?"

"வாசல்ல ஒருத்தன் உக்காந்து உள்ள போறவங்களோட தலைய எண்றான்னு வெச்சுக்க. அவன் சொல்ற கணக்குக்குத்தான் சமையல்காரன் இலை போடுவான். இப்ப அம்பது பேர் உள்ள போறாங்க. ஜன்னல் வழியா இருபது பேர் வெளிய குதிச்சுடறாங்க. அம்பது இலை போட்டாச்சு. அப்புறம் அதே ஜன்னல் வழியா எண்ணாத ஆளுங்க உள்ள வராங்க. அவங்களுக்கு இலை இல்ல. இந்த வண்டில காத்தை எண்றவன் ஒரு சென்ஸார், அவன் வாசல்ல இருக்கான், ஜன்னல் அவனுக்குப் பின்னாடி இருக்கு. பெட்ரோல் அவன் கணக்குக்குத்தான் போகுது. மொதல்ல எஞ்சினுக்குத் திகட்டுது, அடுத்த நிமிஷம் பட்டினி. அந்த நேரம் பாத்துக் கிளட்ச்சும் மிதிச்சா, தாங்கிப் பிடிக்க ஆள் இல்ல. விழுந்துடுது."

"அப்ப தங்கச்சி கால் மேல தப்பில்ல," என்றார் வெல்டர்.

"இல்ல."

"ரெண்டு வருஷமா இந்தப் பட்டறையில எல்லார்கிட்டயும் வேற மாதிரிதான சொன்னீங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன்கிட்டயும் சொன்னேன். எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லணும். மாப்பிள்ளைகிட்டதான் மொதல்ல."

கால் சுற்று கால் சுற்றாக ஸ்க்ரூவை இறுக்கினார். ஒவ்வொரு முறையும் தங்கை ஏற்றி இறக்கினாள். ஒவ்வொரு முறையும் தாள் சற்று முன்னதாகவே உதிர்ந்தது. மூன்று சுற்றுக்குப் போனதும் மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது வேறு சத்தம்: லேசாகக் காலை எடுத்தால் போனட்டுக்குள் கோழி சிறகடிப்பதுபோலப் படபடவென்று அடித்தது.

"இது என்ன புதுசா?" என்றாள் தங்கை.

"ரொம்ப இறுக்கிட்டேன். ஜன்னல் தெறக்கல, காத்து திரும்பி வந்து விசிறிய அடிக்குது. இப்படியே விட்டா விசிறி போயிடும்."

முக்கால் சுற்று தளர்த்தினார். இரண்டேகால் சுற்றில் படபடப்பு நின்றது, தாளும் ஒட்டவில்லை. ஆனாலும் ஜன்னல் திறக்கும்போதெல்லாம் எண்ணிய காற்று வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. ஸ்க்ரூ எத்தனை சுற்று சுற்றினாலும் அது மாறாது. அதற்கு ஒரே வழி, வெளியே விடும் காற்றை எண்ணுபவனுக்குப் பின்னால், விசிறிக்கு முன்னால் மறுபடி உள்ளே சேர்ப்பது. வெல்டர் காற்றுக் குழாயைக் கழற்றி அந்த இடத்தில் மூக்குபோல ஒரு சின்னக் குழாயை ஒட்டவைத்தார். அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வால்வின் வாய்க்கு. இரண்டு கிளாம்ப்.

"சத்தம் போயிடுமேண்ணே," என்றார் வெல்டர் கடைசி கிளாம்பை இறுக்கும்போது.

"போகட்டும்."

மணி நாலரை. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தங்கை மேட்டில் ஏறினாள். உச்சியில் சிவப்பு. ஆக்ஸிலேட்டரை விட்டாள், அதே நொடியில் கிளட்ச், பிறகு பிரேக். டிரைவிங் ஸ்கூலில் கற்றது கற்றபடி. முள் இறங்கியது, எண்ணூறில் நின்றது. விக்கல் இல்லை. உஸ் இல்லை. திரும்பி வந்து மறுபடி ஏறினாள். ஆறு முறை ஏறினாள். ஆறாவது முறை சிக்னல் பச்சையாகவே இருந்தது. வேண்டுமென்றே மெதுவாகப் போய்ச் சிவப்பு விழக் காத்திருந்து நிறுத்தினாள்.

மருத்துவமனைச் சுவரை ஒட்டி வண்டியை ஓரங்கட்டிக் கைப்பேசியை எடுத்தாள். கிளினிக் மேனேஜர் எடுத்தார். திங்கள் முதல் வருகிறேன் என்று சொன்னாள். முதலில் தபால்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள். அவர் ஏற்கெனவே வேறு இடத்தில் பதிந்துகொண்டுவிட்டார், இனி நம் பட்டியலில் இல்லை என்று மறுமுனையில் சொல்வது அண்ணனுக்கும் கேட்டது. "சரி," என்றாள்.

"ஆனா உங்களுக்கு வண்டி ஓட்டறதுல ஏதோ பிரச்சினைன்னு சொன்னாங்களே," என்றார் மேனேஜர். "அது சரியாயிடுச்சா?"

அவள் கைப்பேசியை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"நான் அவங்க அண்ணன், மெக்கானிக். அவங்க ஓட்டறதுல என்னைக்குமே பிரச்சினை இல்லைங்க. நான் மாட்டின வால்வுலதான் பிரச்சினை. அது வெளிய விட்ட காத்தை ஒரு ஹோஸ் போட்டு உள்ளயே திருப்பிட்டேன். ஸ்ப்ரிங்கை ரெண்டேகால் சுத்து இறுக்கிட்டேன். இப்ப கிளட்ச்சை எப்ப மிதிச்சாலும் வண்டி நிக்காது."